நாய் என்ன கலர்?

அடிபட்டு வருகிறவனிடம் நர்ஸ் முதலில் என்ன கேட்பார்? எங்கே வலிக்கிறது என்று கேட்பார். எங்கள் சிஸ்டர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. காயத்தைப் பார்த்தாலே வலி எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நாய் என்ன கலர்?” என்று கேட்பார்.

ஓசூரில் பாகலூர் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறை அது. நான் அங்கே லேத்தில் வேலை பார்த்தேன். தொழிற்சங்கச் செயலாளரும் நானே. அந்தப் பதவிக்குரிய தொண்டையும் திமிரும் எனக்கு அப்போது இருந்தன. சிஸ்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. ஆறு வருடம் அவரோடு மல்லுக்கு நின்றேன். ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். எழுதினால் அதையும் சரிபார்க்க எங்கிருந்தாவது கிளம்பி வந்துவிடுவார்.

நாய் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் பக்கம் சாராயக் கடைகளை மூடியிருந்தார்கள். பாகலூரைத் தாண்டிக் கொஞ்சம் போனால் கர்நாடகம். அங்கே பாக்கெட் சாராயம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வாங்கிக்கொண்டு வர முடியாது. எல்லையில் பையைத் திறக்கச் சொல்வார்கள். பாக்கெட் இருந்தால் மாட்டினோம். வயிற்றைத் திறக்கச் சொல்ல யாரும் இல்லை. அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ராத்திரிக்கு வீட்டில் வைத்துக் குடிக்க நினைத்ததையும் சேர்த்து, வாங்கியதை அங்கேயே நின்று முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் தப்பித்தாயிற்று என்று ஒரு தைரியம் வரும். அதற்குப் பிறகுதான் ஆபத்தே ஆரம்பிக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது ஷிப்டு மூன்று மணிக்கு. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி எல்லைக்குப் போய், முடித்துக்கொண்டு, இரண்டேமுக்காலுக்கு கேட்டில் வந்து நிற்பார்கள். வருகிற வழியில் விழுகிறவர்கள் விழுவார்கள். வேலைக்கு வரும் வழியில் அடிபட்டால் சம்பளத்தோடு விடுப்பு என்று நாங்கள் போராடி ஒப்பந்தம் வாங்கியிருந்தோம். குடித்திருந்தால் கிடையாது என்று நிர்வாகம் அதில் ஒரு வரி சேர்த்துவிட்டது. அந்த ஒரு வரிக்காகப் பிறந்ததுதான் நாய். “நாய் குறுக்கே வந்தது” என்று முதலில் யார் சொன்னானோ தெரியாது. பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். சிஸ்டரின் பதிவேட்டில் ஏறிய நாய்கள் அத்தனையும் நிஜமாக இருந்திருந்தால் பாகலூர் சாலையில் மனிதன் கால் வைத்திருக்க முடியாது.

வாசனை தெரியாமலிருக்கக் கொய்யா இலையை மெல்லுவது எங்கள் ஆட்களின் வைத்தியம். முதலுதவி அறைக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் நின்றது. ஆள் உயரத்துக்கு அதில் ஓர் இலை இருக்காது. மேலே மட்டும் செழித்து நிற்கும். சிஸ்டர் ஒருநாள் தோட்டக்காரரிடம், “இந்த மரத்துக்கு என்ன நோய்னு பாக்குதீங்களா? மூணு மணி ஷிப்டுக்கு மட்டும் இலை கொட்டுது” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்று மூன்று பேர் என்னிடம் வந்து, “சங்கத்துல ஒரு தீர்மானம் போடுங்கண்ணா, அந்தம்மா ரொம்பப் பேசுது” என்றார்கள்.

சிஸ்டர் திருச்செந்தூர்ப் பக்கம். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரத்தை முகப்பு உள்பக்கம் வரும்படிக் கட்டியிருப்பார். நாடி பிடிக்கும்போது நம் கையையும் கடிகாரத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பதற்காம். குடிகாரர்கள் மேல் அவருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேன்டீனில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. அப்பா குடித்தே செத்தார் என்றான் ஒருவன். கல்யாணம் நின்றுபோனது என்றான் இன்னொருவன். நான் நேரிலேயே கேட்டேன்.

“எங்கப்பா பள்ளிக்கூட வாத்தியார். இந்நேரம் நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு இருப்பாரு. காரணம் இருந்தாத்தான் கேக்கணுமா? எனக்குக் கோவமே கிடையாது சார். ஒருத்தர் பொய் சொன்னா அது எந்த எடத்துல கிழியும்னு பாக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

அவரிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று கம்பெனிப் பதிவேடு. அதில் நாம் சொல்வதை அப்படியே எழுதுவார். மற்றது அவருடைய சொந்த நோட்டு, பச்சை அட்டை போட்டது. பக்கத்தின் நடுவில் அடிக்கோலால் ஒரு கோடு. இடது பக்கம் ‘சொன்னது’. வலது பக்கம் ‘பார்த்தது’. யாருக்கும் காட்ட மாட்டார். எங்கள் ஆட்களுக்கு டெட்டால் எரிச்சலைவிட அந்த வலது பக்கம்தான் எரிந்தது. “பார்த்ததுன்னு என்னாத்த எழுதிவச்சிருக்குதோ” என்று புலம்புவார்கள்.

அந்த நோட்டை வாங்க நான் எவ்வளவோ முயன்றேன். “தொழிலாளி மேல ரகசிய ஃபைல் வைக்கிறது சட்டப்படி தப்புங்க சிஸ்டர்” என்று மேஜையைத் தட்டிப் பேசினேன். அவர் ஊசி கொதிக்கிற பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு, “மேஜையத் தட்டாதீங்க, மருந்து சிந்தும்” என்றார்.

நாயின் நிறத்தைக் கேட்க ஆரம்பித்ததும் எங்கள் ஆட்கள் திணறினார்கள். ஒரே வண்டியில் விழுந்த இரண்டு பேரில் ஒருவன் வெள்ளை என்றான், மற்றவன் கறுப்பு என்றான். சிஸ்டர் இரண்டையும் எழுதிக்கொண்டு, “அப்ப ரெண்டு நாய். உங்க நல்ல நேரம், கடிக்கல” என்றார். இதற்கு ஒரு முடிவு கட்ட நான் கேட் மீட்டிங்கில் பேசினேன். சம்பள உயர்வு, கேன்டீன் சாம்பார் எல்லாம் பேசி முடித்துக் கடைசியில், “இனிமே எல்லாருக்கும் செவலை நாய். ஞாபகம் வச்சிக்கங்க” என்றேன். பலத்த கைதட்டல். ஒற்றுமையே பலம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுவாரமே சிஸ்டர் கேள்வியை நீட்டிவிட்டார்: “செவலை, சரி. எந்தப் பக்கமிருந்து வந்துச்சு? வால் நிமிந்திருந்துச்சா, சுருண்டிருந்துச்சா?”

எனக்கும் ஒரு நாய் வந்திருக்கிறது. கறுப்பு. சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அது. நிறம் கேட்கும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. நானாகத்தான் சொன்னேன். முழங்கையில் ஐந்து தையல். தையல் போட்டு முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புதிதாக வந்த பெண், சங்கச் செயலாளர் என்றதும் பயந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது மாதப்பன் கதை.

மாதப்பன் உள்ளூர்க்காரன். பாகலூருக்குப் பக்கத்துக் கிராமம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். கெட்டவன் என்று அவனை எதிரிகூடச் சொல்ல மாட்டான். ஒருநாள் இரண்டாவது ஷிப்டுக்கு வரும்போது பைக்கின் முன்பக்க மட்கார்டு வளைந்து, வலது உள்ளங்கையில் ரத்தம் ஒழுக, கேட்டில் வந்து இறங்கினான். மணி இரண்டு ஐம்பது. வழக்கம்போல் நான் கூடப் போனேன். போகும்போதே, “செவலை. இடது பக்கமிருந்து. வால் சுருண்டிருந்தது” என்று பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

“பாடமெல்லாம் வேணாண்ணா. நெஜமாவே நாயிதான் வந்துட்டுது. சத்தியமா” என்றான்.

சிஸ்டர் அவனை ஸ்டூலில் உட்கார வைத்துக் கையைக் கழுவினார். “நாய் என்ன கலர்?”

“செவலைங்க சிஸ்டர். சடார்னு குறுக்க வந்துட்டுது. நானும் உழுந்துட்டன். எழுந்து வந்துட்டன்.”

“நாய்க்கு என்ன ஆச்சு?”

“பாக்கலீங்க. ஷிப்டுக்கு நேரமாயிட்டுது.”

சிஸ்டர் இடுக்கியால் காயத்தில் எதையோ பிடித்து இழுத்தார். மாதப்பன் பல்லைக் கடித்தான். இழுத்ததைத் தண்ணீரில் அலசி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பச்சைக் கண்ணாடித் துண்டு. ஏதோ பாட்டில் சில்லு என்று நினைத்தேன். ஆனால் அது வளைந்திருந்தது. நடுவில் மெல்லிய தங்கக் கோடு ஓடியது.

அதைத் தட்டில் வைத்து, தட்டை மாதப்பன் பக்கம் நகர்த்தாமல் என் பக்கம் நகர்த்தினார்.

“உங்க நாய் வளையல் போட்டிருந்துச்சா சார்?”

மாதப்பன் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “நாயிதாண்ணா” என்றான் மறுபடியும். அவன் பொய் சொல்லவில்லை. ஏறியிருந்த போதையில் அவன் கண்ணுக்கு நிஜமாகவே நாய்தான் தெரிந்திருக்கிறது. விழுந்தால் நாய் என்று நாங்கள் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருந்தோம். விழுந்தவுடன் அவன் மண்டை அதையே எடுத்துக் கொடுத்துவிட்டது.

சிஸ்டர் அதற்குள் கட்டுத் துணி, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் மரச்சட்டம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கம்பெனி வேனை எடுக்க மேனேஜர் கையெழுத்து வேண்டும். அவர் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவர், “கையெழுத்து இல்லாம எப்படிம்மா?” என்று இழுத்தார். “வந்து போட்டுத் தாரேன். எடுங்க” என்றார். நானும் மாதப்பனும் பின்னால் ஏறினோம்.

பாகலூருக்கு இந்தப் பக்கம் தைலமரத் தோப்பு ஒன்று உண்டு. சாலை அங்கே வளையும். தான் விழுந்த இடம் என்று மாதப்பன் காட்டிய அந்த வளைவில் கொத்தமல்லிக் கட்டுகள் சிதறிக் கிடந்தன. பட்டப்பகல், நல்ல வெயில். இரண்டு பஸ்ஸாவது அந்த வழியே போயிருக்கும். சாலையில் கிடந்த கொத்தமல்லியைப் பார்த்திருப்பார்கள். பள்ளத்துக்குள் யார் எட்டிப் பார்ப்பது? உள்ளே செவலை நிறத்தில் ஒரு புடவை கிடந்தது. புடவைக்குள் ஒரு அம்மாள்.

உயிர் இருந்தது. சிஸ்டர் பள்ளத்தில் இறங்கி மண்டியிட்டுக் கழுத்தில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இடுப்பு போயிருக்கு. ஆட்டாமத் தூக்கணும். ரெண்டு பேரும் இறங்குங்க” என்றார். அந்த அம்மாள் கண் திறந்து தெலுங்கில் ஏதோ முனகினார். சிஸ்டருக்குத் தெலுங்கு தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் மாதப்பனைப் பார்த்தோம்.

“தண்ணி கேக்குறாங்க” என்றான்.

சிஸ்டர் துணியை நனைத்து உதட்டைத் தொட்டார். அந்த அம்மாள் மறுபடியும் ஏதோ கேட்டார். சிஸ்டர் மாதப்பனைப் பார்த்தார்.

“என்ன கேக்காங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“உங்ககிட்டதான் கேக்கேன். அவங்க என்ன கேக்காங்க?”

“யாரு இடிச்சதுன்னு கேக்குறாங்க சிஸ்டர்.”

“சொல்லுங்க.”

மாதப்பன் அந்தப் பள்ளத்து மண்ணில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையை மடியில் வைத்துக்கொண்டு, “நேனேம்மா” என்றான். நான்தாம்மா என்று அர்த்தம். அந்த ஒரு தெலுங்கு வார்த்தை எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அதற்கப்புறம் மறக்கவும் இல்லை.

அரை மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிழைத்தார். கோல் ஊன்றி நடந்தார். கொத்தமல்லிக் கட்டைத் தலையில் வைத்து நடக்க மட்டும் முடியவில்லை. மாதப்பன் மேல் வழக்கு வந்தது, வேலை போனது. ஒன்றரை வருடம் போராடி ஹெல்ப்பராகத் திரும்ப உள்ளே கொண்டு வந்தோம். அவன் குடியை விட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. வண்டியை விட்டான். பைக்கை விற்றுவிட்டு அதற்கப்புறம் பஸ்தான். பஸ்ஸில் தூங்கி வழிந்து ஸ்டாப்பைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வருவான். ஒருநாளும் அதற்காக அவன் சலித்துக்கொண்டதில்லை.

விசாரணையின்போது நிர்வாகம் சிஸ்டரின் பச்சை நோட்டைக் கேட்டது. கிடைத்தால் நாற்பது பேரைத் தூக்கியிருப்பார்கள். மேனேஜர் அறையில் நானும் இருந்தேன்.

“கம்பெனி நோட்டுல அன்னைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிட்டேன். அது உங்களுது. இது என்னுது” என்றார் சிஸ்டர்.

“உங்க வேலைக்கே ஆபத்தும்மா” என்றார் மேனேஜர்.

“ஊசி போடத் தெரிஞ்சவளுக்கு வேலையா கிடைக்காது? வேன் எடுத்ததுக்குக் கையெழுத்து போடணுமே, அந்தப் பேப்பர் எங்க?”

நாற்பது பேரின் வேலை தப்பியது அதுவரை நான் வெறுத்த அந்தப் பிடிவாதத்தால்தான். வெளியே வந்ததும் நன்றி சொன்னேன். “அவங்க தப்பிக்கிறதுக்காக இல்ல சார். இனிமே நோட்டுல இருக்குன்னு பயம் இருக்கும்லா” என்று சிரித்தார்.

அந்த வாரத்திலிருந்து எங்கள் தொழிற்சாலையில் நாய் வரவில்லை. அடுத்த மாதம் ஒருவன் முட்டி பெயர்ந்து வந்தான். சிஸ்டர் பஞ்சை நனைத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவன், “குடிச்சிருந்தன் சிஸ்டர்” என்றான். “சரி. காலை நீட்டுங்க” என்றார். அவ்வளவுதான். அவனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் கேட்கப் போகவில்லை. கொய்யா மரம் ஆள் உயரத்தில் தளிர் விட்டது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் எல்லைக்குப் போகிற கூட்டம் அதிகமானது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று என்னை அழைத்துப் பச்சை நோட்டைக் கையில் கொடுத்தார். “ரொம்ப நாளா கேட்டீங்கள்லா. எரிக்கணும்னா எரிங்க. முதல் பக்கத்த மட்டும் பாத்துட்டு எரிங்க.”

கொய்யா மரத்தடியில் நின்று திறந்தேன். முதல் பக்கம் என்னுடையது. இடது பக்கம்: ‘நாய் குறுக்கே வந்தது. கறுப்பு.’ வலது பக்கம்: ‘சாப்பாட்டுப் பையில் குழந்தையின் ஷூ, ஒன்று மட்டும்.’

கறுப்பு நாயைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? நாய் இல்லை. அன்று மதியம் நர்சரிப் பள்ளியிலிருந்து என் மகளை அழைத்துக்கொண்டு வந்தேன். நான்கு வயது. வீட்டில் விட்டுவிட்டு எல்லைக்குப் போனால் நேரமாகிவிடும் என்று, ஸ்கூட்டரின் முன்னால் அவளை நிற்க வைத்து நேரே எல்லைக்குப் போனேன். கடை பெஞ்சில் உட்கார வைத்து பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். திரும்பும்போது விழுந்தோம். அவளுக்குத் தாடையில் கிழிந்தது, எனக்கு முழங்கை. கைக்குட்டையால் அழுத்திப் பிடித்து வீட்டில் விட்டு, பள்ளியில் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஷிப்டுக்கு வந்தேன். கழன்று விழுந்த ஒரு ஷூ என் பையிலேயே இருந்துவிட்டது. அதை அன்று அந்த அறையில் ஒருவர் பார்த்திருக்கிறார்.

வலது பக்கத்தில், அந்த வரிக்குக் கீழே, வேறு மையில் இன்னும் ஒரு வரி இருந்தது: ‘குழந்தை எங்கே என்று நான் கேட்கவில்லை. பயந்துவிட்டேன். இனிமேல் கேட்பேன்.’

அடுத்த பக்கத்திலிருந்து எல்லா நாய்க்கும் நிறம் எழுதியிருந்தது.

நோட்டை நான் எரிக்கவில்லை. என் மகளுக்குத் தாடையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. யாராவது கேட்டால் ஊஞ்சலிலிருந்து விழுந்தேன் என்பாள். தன் பிள்ளைகளிடமும் அப்படியேதான் சொல்லி வைத்திருக்கிறாள். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.